விபத்து இழப்பீட்டு வழக்கு முடியும்வரை சமூக ஊடகக் கணக்கை என்ன செய்வது? நான்கு வழிகளின் ஒப்பீடு

சாலை விபத்தில் காயமடைந்து மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனுத் தாக்கல் செய்தவர்களும், செய்யவிருப்பவர்களும் மருத்துவ ரசீதைப் பற்றியும் ஊனச் சான்றைப் பற்றியும் கேட்பதோடு இப்போது இன்னொன்றையும் கேட்கிறார்கள். ஃபேஸ்புக்கையும் இன்ஸ்டாகிராமையும் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸையும் வழக்கு முடியும்வரை என்ன செய்வது? வழக்கம்போல இருந்துவிடலாமா, வேண்டியவர்கள் மட்டும் பார்க்கும்படி பூட்டிவைத்தால் போதுமா, எதையும் போடாமல் சும்மா இருக்க வேண்டுமா, கணக்கையே அழித்துவிடுவதுதான் நல்லதா?

இந்த நான்கில் எதைத் தேர்ந்தாலும் ஒரு விலை உண்டு. அந்த விலை பெரும்பாலும் தேர்ந்தெடுக்கும் நாளில் கண்ணுக்குத் தெரிவதில்லை. ஓராண்டோ ஈராண்டோ கழித்துக் குறுக்கு விசாரணைக் கூண்டில் நிற்கும்போதுதான் தெரியவருகிறது. தமிழ்நாட்டுத் தீர்ப்பாயங்களில் நடக்கும் காய வழக்குகளை மனத்தில் வைத்தே இந்த ஒப்பீட்டைச் செய்கிறேன். வெளிநாட்டுத் தீர்ப்புகள் இங்கே கட்டுப்படுத்துபவை அல்ல என்றாலும், சிக்கலைத் தெளிவாகக் காட்டும் இடங்களில் அவற்றையும் சொல்கிறேன்.

ஒரு புகைப்படம் எந்த இடத்தில் பாதிக்கிறது

வழிகளை ஒப்பிடும் முன், இழப்பீடு எப்படிக் கணக்கிடப்படுகிறது என்பதைப் பார்த்துவிட வேண்டும். காய வழக்கில் தொகை தலைப்புவாரியாகக் கூட்டப்படுகிறது. மருத்துவச் செலவு, போக்குவரத்து, சத்துணவு, உடனிருந்து கவனித்துக்கொண்டவருக்கான செலவு ஆகியவற்றை ரசீதுகளும் நியாயமான மதிப்பீடும் முடிவுசெய்கின்றன. அங்கே சமூக ஊடகப் படத்துக்கு வேலை குறைவு. அதன் தாக்கம் இரண்டு தலைப்புகளில்தான் விழுகிறது. ஒன்று, நிரந்தர ஊனத்தால் இனி இழக்கப்போகும் வருமானம். மற்றொன்று, வலி, வேதனை, முன்பு அனுபவித்த வாழ்க்கையை இழந்தது ஆகியவற்றுக்கான தொகை.

முதல் தலைப்பைப் பற்றி உச்ச நீதிமன்றம் 2010 அக்டோபரில் ராஜ்குமார் எதிர் அஜய்குமார் வழக்கில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. மருத்துவர் எழுதித் தரும் ஊன சதவீதமும், சம்பாதிக்கும் திறனில் ஏற்படும் இழப்பின் சதவீதமும் ஒன்றல்ல. காயத்துக்குப் பிறகு அவரால் எந்தெந்தச் செயல்களைச் செய்ய முடிகிறது, எவற்றைச் செய்ய முடியவில்லை என்பதைத் தீர்ப்பாயம் முதலில் பார்க்க வேண்டும். அவருடைய தொழிலோடு அதைப் பொருத்திப் பார்த்த பிறகே சதவீதத்தை முடிவுசெய்ய வேண்டும். இடது கையை இழந்த ஓட்டுநருக்கும் தச்சருக்கும் இழப்பு ஏறத்தாழ முழுமையானது. அதே கையை இழந்த அரசு எழுத்தருக்கு வேலை போகாமலேயே இருக்கலாம்.

‘எதைச் செய்ய முடிகிறது’ என்ற கேள்விக்குள்தான் புகைப்படம் நுழைகிறது. மாதம் 15,000 ரூபாய் சம்பாதித்துவந்த 34 வயதுக்காரர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். சரளா வர்மா வழக்கில் 2009-இல் வகுக்கப்பட்ட அட்டவணைப்படி அவருடைய வயதுக்குப் பெருக்கெண், அதாவது ஆண்டு வருமான இழப்பைப் பெருக்க வேண்டிய எண், 16. சம்பாதிக்கும் திறனில் இழப்பு 30 சதவீதம் என்று தீர்ப்பாயம் கொண்டால், எதிர்கால வருமான உயர்வைச் சேர்க்காமலேயே இந்தத் தலைப்பில் 8,64,000 ரூபாய் வரும். ‘இவர் நன்றாக நடமாடுகிறாரே’ என்ற எண்ணத்தில் அதையே 10 சதவீதமாகக் குறைத்தால் 2,88,000 ரூபாய்தான். இடையில் போவது 5,76,000 ரூபாய். ஓரிரு படங்களும் அவற்றுக்கு அளிக்கப்படும் தடுமாற்றமான விளக்கமும் சேர்ந்து இந்த வித்தியாசத்தை உண்டாக்கிவிட முடியும்.

எவற்றைக் கொண்டு எடைபோடுவது

ஐந்து அளவுகோல்களை வைத்துக்கொள்கிறேன். எதிர்த்தரப்பின் கையில் எவ்வளவு சிக்கும் என்பது முதலாவது. ஆதாரத்தை அழித்தார் என்ற பழி வருமா என்பது இரண்டாவது. மனுதாரருக்கே சாதகமாக அமையக்கூடியவை காப்பாற்றப்படுமா என்பது மூன்றாவது. பெரும்பாலோர் இதை எண்ணிப் பார்ப்பதே இல்லை. நான்காவதாக, பிழைப்புக்கும் உறவுகளுக்கும் மனநிலைக்கும் என்ன இழப்பு என்று பார்க்க வேண்டும். கடைசியாக, வழக்கு ஆண்டுக்கணக்கில் நீளக்கூடியது என்பதால், தேர்ந்தெடுக்கும் வழியை அத்தனை காலமும் கடைப்பிடிக்க முடியுமா என்பதையும் பார்க்க வேண்டும்.

வழி 1: வழக்கம்போலத் தொடர்வது

‘மடியில் கனமிருந்தால்தானே வழியில் பயம், எனக்கு உண்மையிலேயே அடிபட்டிருக்கிறது, நான் எதற்கு ஒளிய வேண்டும்?’ என்று கேட்பவர்கள் இந்த வழியை விரும்புகிறார்கள். அவர்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது. எதையும் அழிக்காததால் இரண்டாவது அளவுகோலில் இந்த வழிக்குக் குறையே இல்லை. படுத்த படுக்கையாக இருப்பவருக்கு நண்பர்களின் விசாரிப்பு பெரிய ஆறுதல். சிகிச்சைக்கு நிதி திரட்ட வேண்டிய குடும்பங்களுக்குப் பொதுப் பதிவைத் தவிர வேறு வழியும் இல்லை.

ஆனால் பொய் சொல்பவரைவிட நேர்மையானவரைத்தான் இந்த வழி அதிகமாகக் காயப்படுத்துகிறது. பொய் சொல்பவர் ஜாக்கிரதையாக இருப்பார். உண்மையான காயக்காரர் ஜாக்கிரதையாக இருக்க வேண்டிய காரணமே தனக்கு இல்லை என்று நினைப்பார். காலில் பிளேட் வைத்துத் தைத்திருக்கும் ஒருவர் தம்பியின் கல்யாணத்துக்குப் போகிறார். ஊன்றுகோலை நாற்காலிக்குப் பின்னால் சாய்த்துவைத்துவிட்டு, மைத்துனர் முழங்கையைப் பிடித்துக்கொள்ள மேடையேறி, படம் எடுக்கும் நேரம் மட்டும் நிமிர்ந்து நிற்கிறார். இரவே கால் வீங்கிவிடுகிறது. மறுநாள் எழுந்து நடமாட முடியவில்லை. வழக்கு விசாரணையில் காப்பீட்டு நிறுவனத்தின் வழக்கறிஞர் வண்ண அச்சுத்தாள் ஒன்றை நீட்டுகிறார்.

“படத்தில் பட்டு வேட்டியில் நிற்பது நீங்கள்தானே?”

“ஆமாம்.”

“மேடைக்குப் படியேறித்தானே போனீர்கள்?”

“ஆமாம்.”

“படியேற முடியாது என்று பிரமாண வாக்குமூலத்தில் சொல்லியிருக்கிறீர்களே?”

மூன்று கேள்விகளில் முடிந்துவிட்டது. ஊன்றுகோலும் மைத்துனரின் கையும் இரவு வீக்கமும் படத்தில் இல்லை.

எழுத்தும் இப்படித்தான். மருத்துவமனைக் கட்டிலில் இருந்தபடி, ஊரிலிருக்கும் அம்மா பதறக் கூடாதே என்று, “கடவுள் புண்ணியத்தில் பெரிதாக ஒன்றுமில்லை, நலமாக இருக்கிறேன்” என்று ஸ்டேட்டஸ் போடாதவர் யார்? திருவண்ணாமலைக்குப் போய், 14 கிலோமீட்டர் தூரத்தையும் ஆட்டோவில் சுற்றிவந்துவிட்டு, கோபுரத்தைப் பின்னணியில் வைத்து “கிரிவலம் முடிந்தது” என்று எழுதுவது பக்தர்களிடையே இயல்பான பேச்சு. தீர்ப்பாயத்தில் அது 14 கிலோமீட்டர் நடந்ததாக வாசிக்கப்படும். “நானும் கொஞ்சம் வேகமாகத்தான் வந்தேன்” என்று நண்பருக்கு எழுதிய பின்னூட்டம், விபத்தில் மனுதாரருக்கும் பங்கு உண்டு என்ற வாதத்துக்கு அடிப்படையாகி, இழப்பீட்டில் ஒரு பங்கைக் கழிக்கச் செய்துவிடலாம். மோதிய ஓட்டுநரின் படத்தைப் போட்டுத் திட்டி எழுதினால், அவதூறு வழக்கு என்ற வேறொரு தலைவலியும் சேரும்.

“அப்படியானால் என் வலியைப் பற்றியும்தான் நிறைய எழுதியிருக்கிறேன், அது எனக்கு உதவாதா?” என்று கேட்கலாம். பெரும்பாலும் உதவாது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதிநியத்தின் 19-ஆவது பிரிவுப்படி, ஒருவர் சொன்ன ஒப்புதலை அவருக்கு எதிராக நிரூபிக்கலாம். சில விதிவிலக்குகள் நீங்கலாக, அவரே அதைத் தமக்குச் சாதகமாக நிரூபிக்க முடியாது. பழைய இந்திய சாட்சியச் சட்டத்தின் 21-ஆவது பிரிவும் இதையேதான் சொன்னது. ஆக, வழக்கு நடக்கையில் சமூக ஊடகம் ஒருபக்கம் மட்டும் கூர் தீட்டிய கத்தி; அந்தக் கூரும் மனுதாரரின் பக்கம் திரும்பியிருக்கிறது.

காயம் முழுமையாக ஆறிவிட்டது, நிரந்தர ஊனம் எதுவும் கோரவில்லை, மருத்துவச் செலவையும் சில வாரச் சம்பளத்தையும் மட்டும் ஆவணங்களோடு கேட்கிறீர்கள் என்றால், வழக்கம்போல இருந்துவிடலாம். அங்கே படம் குறைப்பதற்கு ஒன்றுமில்லை.

வழி 2: பூட்டிவைத்துவிட்டு, வேண்டியவர்களோடு மட்டும் பகிர்வது

பெரும்பாலோர் தேர்ந்தெடுப்பது இந்த வழியைத்தான். இன்ஸ்டாகிராம் கணக்கைத் தனிப்பட்டதாக மாற்றுவது, ஃபேஸ்புக்கில் பழைய பதிவுகளையும் நண்பர்கள் மட்டும் பார்க்கும்படி செய்வது, பிறர் டேக் செய்வதைத் தம் ஒப்புதலுக்குப் பிறகே காட்டும்படி வைப்பது, ஸ்டேட்டஸைக் குறிப்பிட்ட தொடர்புகளுக்கு மட்டும் திறப்பது எல்லாம் சில நிமிட வேலை. இவற்றைச் செய்வதில் தவறேதுமில்லை. எதையும் அழிக்கவில்லை, யார் பார்க்கலாம் என்பதை மட்டும் மாற்றுகிறீர்கள். காப்பீட்டு நிறுவனம் அனுப்பும் புலனாய்வாளர் முன்பெல்லாம் பக்கத்து வீட்டிலும் தெருமுனைக் கடையிலும் விசாரித்தார்; இப்போது மனுவில் உள்ள பெயரைத் தேடல் பெட்டியில் இட்டுப் பார்ப்பதும் அந்த விசாரணையின் ஒரு பகுதி. பூட்டிய கணக்கு அந்த முதல் தேடலைத் தடுக்கிறது. அது சிறிய பயன் அல்ல.

ஆனால் பூட்டு தடுப்பது அந்த ஒன்றை மட்டும்தான். நம் ஊர்களில் விபத்து ஏற்படுத்திய வண்டியின் உரிமையாளரும் காயமடைந்தவரும் பல நேரங்களில் ஒரே வட்டாரத்தைச் சேர்ந்தவர்கள். குலதெய்வக் கோயில் குழுவிலோ பள்ளித் தோழர்கள் குழுவிலோ இரு தரப்புக்கும் வேண்டியவர் ஒருவர் இருப்பார். ஸ்கிரீன்ஷாட் எடுக்க ஒரு விநாடி போதும். 24 மணி நேரத்தில் மறைந்துவிடும் ஸ்டேட்டஸும் ஸ்கிரீன்ஷாட்டில் மறைவதில்லை. நீங்கள் பூட்டினாலும், கல்யாணத்துக்கு வந்த புகைப்படக்காரர் தம் தொழில் பக்கத்தில் பொதுவாகப் போடும் தொகுப்பில் நீங்கள் இருப்பீர்கள்.

பூட்டிய கணக்கைத் தீர்ப்பாயம் பார்க்க முடியாது என்ற நம்பிக்கையும் சரியல்ல. மோட்டார் வாகனச் சட்டத்தின் 169-ஆவது பிரிவு, ஆவணங்களை வெளிக்கொணரவும் சமர்ப்பிக்கவும் கட்டளையிட உரிமையியல் நீதிமன்றத்துக்கு உள்ள அதிகாரத்தைத் தீர்ப்பாயத்துக்கும் தருகிறது. குதிரையிலிருந்து விழுந்து காயமடைந்த ஒருவரின் வழக்கில் நியூயார்க் மாநிலத்தின் மிக உயர்ந்த நீதிமன்றம் 2018-இல் இந்தக் கேள்வியை நேரடியாக எடுத்துக்கொண்டு, கணக்கு உரிமையாளர் வைத்த தனியுரிமை அமைப்பு எதையும் தீர்மானிக்காது, வழக்குக்குத் தொடர்புடையதா என்பதே அளவுகோல் என்று தீர்ப்பளித்தது. நம் நாட்டிலும், ஆதாரம் எப்படிக் கிடைத்தது என்பதைவிட அது வழக்குக்குத் தொடர்புடையதா என்பதையே நீதிமன்றங்கள் நெடுங்காலமாகப் பார்த்துவந்திருக்கின்றன. 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம், வாழ்க்கைத் துணைக்குத் தெரியாமல் பதிவுசெய்த தொலைபேசி உரையாடலையும் விவாகரத்து வழக்கில் சாட்சியமாக ஏற்கலாம் என்று சொல்லியிருக்கிறது. நண்பர் வட்டத்துக்குள் பகிர்ந்த கல்யாணப் படத்துக்கு அதைவிடக் கூடுதல் பாதுகாப்பு கிடைக்கும் என்று எதிர்பார்க்க முடியாது.

மின்னணு ஆவணத்துக்குச் சான்றிதழ் வேண்டுமே என்று சிலர் தைரியமாக இருக்கிறார்கள். வேண்டும்தான். சாட்சிய அதிநியத்தின் 63-ஆவது பிரிவு, தரப்பினர் ஒரு பகுதியும் நிபுணர் ஒரு பகுதியும் நிரப்பி, கோப்பு மாற்றப்படவில்லை என்று சரிபார்க்க உதவும் ஹாஷ் மதிப்பையும் குறிப்பிட்ட சான்றிதழைக் கேட்கிறது. சான்றிதழ் கட்டாயம் என்பதை உச்ச நீதிமன்றம் பழைய சட்டத்தின் கீழேயே 2020-இல் உறுதிசெய்திருக்கிறது. ஆனால் இழப்பீட்டுத் தீர்ப்பாயம் சுருக்கமான நடைமுறையைப் பின்பற்றும் அமைப்பு. சாட்சிய விதிகளைக் கறாராகக் கடைப்பிடிக்க வேண்டிய கட்டாயம் அதற்கு இல்லை. அதைவிட முக்கியமாக, மேலே பார்த்த மூன்று கேள்விகளுக்கு மனுதாரரே “ஆமாம்” என்று சொல்லிவிட்ட பிறகு, தாளுக்குச் சான்றிதழ் இல்லை என்ற வாதத்தால் அந்தப் பதிலை அழித்துவிட முடியாது.

இந்த வழியின் மறைவிலை என்னவென்றால், பூட்டியிருக்கிறோம் என்ற தைரியத்தில் கை தாராளமாகிவிடுகிறது. பொதுவில் எழுதத் தயங்கியதைக் குடும்பக் குழுவில் எழுதுகிறோம். வழக்கறிஞர் சொன்ன யோசனையைக் குரல் பதிவாகவே முன்னனுப்பிவிடுகிறோம். வழக்கறிஞருக்கும் கட்சிக்காரருக்கும் இடையிலான பேச்சை வெளியிடக் கூடாது என்று சாட்சிய அதிநியத்தின் 132-ஆவது பிரிவு வழக்கறிஞரைக் கட்டுப்படுத்துகிறது. கட்சிக்காரரே அதை எண்பது பேர் கொண்ட குழுவில் போட்டுவிட்டால் காப்பதற்கு என்ன மிச்சம் இருக்கிறது?

வெளிநாட்டில் பிள்ளைகளும் இங்கே பெற்றோருமாகப் பிரிந்து வாழும் குடும்பங்களுக்கும், விபத்துக்குப் பிறகு மனச்சோர்வில் இருப்பவர்களுக்கும் இந்த வழி பொருந்தும். அவர்களும் குழுவில் எழுதுவதைவிடத் தொலைபேசியில் பேசிக்கொள்வதே மேல்.

வழி 3: பதிவிடுவதை நிறுத்திவிட்டுக் கணக்கை அப்படியே காப்பது

என் தேர்வு இதுதான். நிரந்தர ஊனம் கோரும் எந்த மனுதாரருக்கும் இதையே முதல் வழியாகச் சொல்வேன்.

இதில் இரண்டு பாதிகள் உண்டு. முதல் பாதியை மட்டும் செய்துவிட்டு இரண்டாவதை விட்டுவிடுகிறார்கள். முதல் பாதி மௌனம்: புதிய படம், ரீல்ஸ், செக்-இன், பின்னூட்டம், ‘நினைவுகள்’ அம்சம் நீட்டும் பழைய படத்தை மறுபதிவு செய்தல் எதுவும் வேண்டாம். நான்கு ஆண்டுகளுக்கு முன் மலையேறிய படம் இன்றைய தேதியில் உங்கள் பக்கத்தில் வந்தால், அது பழைய படம் என்று நிரூபிக்கும் சுமை உங்கள் தலையில் விழும். நடந்த தூரத்தைப் பகிரும் உடற்பயிற்சிச் செயலிகளையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

இரண்டாவது பாதி காப்பு. இதுவரை போட்ட அனைத்தையும், ஃபேஸ்புக்கும் இன்ஸ்டாகிராமும் தரும் தரவிறக்க வசதியைக் கொண்டு ஒரு பிரதி எடுத்து வழக்கறிஞரிடம் கொடுத்துவிட வேண்டும். கைபேசியில் உள்ள மூலப் படங்களைக் காக்க வேண்டும். எடுத்த தேதியும் நேரமும் மூலக் கோப்பில்தான் இருக்கும், வாட்ஸ்அப்பில் சுற்றிவந்த பிரதியில் அவை பெரும்பாலும் உதிர்ந்துபோயிருக்கும்.

காப்பதால் வரும் நன்மையை நான் பெரிதாக நினைக்கிறேன். விபத்துக்கு முந்தைய பதிவுகள் மனுதாரரின் சொத்து. ஞாயிற்றுக்கிழமை வாலிபால் ஆடிய படம், கோயில் திருவிழாவில் காவடி எடுத்த காணொளி, மகளைத் தோளில் தூக்கிக்கொண்டு கடற்கரையில் நடந்தது, வாரம் தவறாமல் லோடு ஏற்றிப் போன பாதையின் படங்கள் எல்லாமே, அவர் எதை இழந்தார் என்பதைக் காட்டுபவை. வாழ்க்கை வசதி இழப்பு என்ற தலைப்பில் வழக்கறிஞர்கள் பலர் இரண்டு வரி எழுதிவிட்டுப் போகிறார்கள். அந்த இரண்டு வரிக்கு உயிர் கொடுக்கக்கூடியவை இந்தப் படங்கள்தான்.

வலியைப் பதிவுசெய்ய வேண்டும் என்றால் ஒரு நோட்டுப் புத்தகம் போதும். எந்த நாள் எத்தனை மணி வரை நிற்க முடிந்தது, பிசியோதெரபிக்குப் போனது, தூக்கம் கெட்டது, எந்த வேலைக்குப் போய்த் திரும்பிவந்தோம் என்பவற்றைத் தேதியிட்டு எழுதிவைத்தால், கூண்டில் ஏறும்முன் நினைவைப் புதுப்பித்துக்கொள்ளவும், மருத்துவரிடம் முன்பின் முரணில்லாமல் சொல்லவும் அது உதவும்.

இந்த வழிக்கும் மறைவிலை உண்டு. ஆண்டுக்கணக்கில் மௌனமாக இருப்பது இளைஞர்களுக்கு எளிதல்ல; அக்காவின் வளைகாப்புப் படத்தில் தன்னை மட்டும் போடாதே என்று வீட்டாரிடம் சொல்லிக்கொண்டிருப்பது சங்கடமானது. அதோடு, உங்கள் மௌனம் மற்றவர்களைக் கட்டுப்படுத்தாது. நெருங்கிய உறவினர் நான்கைந்து பேரிடமாவது, “வழக்கு முடியும்வரை என் படத்தைப் போடவும் வேண்டாம், டேக் செய்யவும் வேண்டாம், விபத்தைப் பற்றி எழுதவும் வேண்டாம்” என்று நேரில் சொல்லிவிட வேண்டும். வாய்விட்டுச் சொன்னால் பெரும்பாலோர் கேட்டுக்கொள்வார்கள்.

ஏற்கெனவே ஒரு படம் வெளியே போய்விட்டதென்றால்? அழிக்க வேண்டாம், வழக்கறிஞரிடம் முதலில் நீங்களே காட்டிவிடுங்கள். முதல் விசாரணைக்கான பிரமாண வாக்குமூலத்திலேயே, “ஊன்றுகோலின் துணையோடும் மைத்துனரின் உதவியோடும் சில நிமிடம் மேடையில் நின்றேன், அன்றிரவு கால் வீங்கியது” என்று எழுதிவிட்டால், அச்சுத்தாளை நீட்டுவதில் எதிர்த்தரப்புக்கு எந்த லாபமும் இல்லை. படத்தை ஆபத்தாக்குவது மனுவின் வார்த்தைகள்தான். “முற்றிலும் நடக்க முடியவில்லை”, “படுத்த படுக்கையாக இருக்கிறார்” என்று அச்சடித்தாற்போல எழுதப்படும் மனுக்களில்தான் கல்யாணப் படம் வெடிக்கிறது. “நெடுநேரம் நிற்கவோ, பாரம் தூக்கவோ, குத்துக்காலிட்டு உட்காரவோ முடியவில்லை” என்று உண்மையின் அளவுக்கு எழுதப்பட்ட மனுவை அது ஒன்றும் செய்யாது. கையெழுத்திடும் முன் மனுவை ஒருமுறை வரிக்கு வரி வாசித்துக்காட்டச் சொல்லுங்கள்.

வழி 4: கணக்கையே அழித்துவிடுவது

பயத்தில் பலர் முதலில் செய்வது இதுவே. ஆனால் அளவுகோல்களில் வைத்துப் பார்த்தால் நான்கிலும் மோசமான வழி இதுதான் என்பது என் தீர்மானமான கருத்து.

முதலில், அழிப்பதால் அழிவது உங்களிடம் உள்ள பிரதி மட்டுமே. ஃபேஸ்புக்கில் அழிக்கும் கட்டளை கொடுத்த பிறகும் 30 நாள்கள் வரை அதைத் திரும்பப் பெறலாம். அதன் பிறகும் தரவு முழுவதும் நீங்க 90 நாள்கள் வரை ஆகக்கூடும் என்று அந்த நிறுவனமே சொல்கிறது. நண்பர்கள் பகிர்ந்தவையும் எதிர்த்தரப்பு ஏற்கெனவே எடுத்துவைத்த ஸ்கிரீன்ஷாட்டுகளும் இருந்த இடத்திலேயே இருக்கும். கூடவே ‘விபத்துக்குப் பிறகு கணக்கை ஏன் அழித்தீர்கள்?’ என்ற புதிய கேள்வியும் அவர்களுக்குக் கிடைத்துவிடும்.

அமெரிக்காவின் விர்ஜீனியா மாநிலத்தில் மனைவியை விபத்தில் பறிகொடுத்த ஒருவர், தம் வழக்கறிஞர் தரப்பின் யோசனைப்படி ஃபேஸ்புக் பக்கத்திலிருந்து சில படங்களை நீக்கினார். கையில் பீர் கேனோடு நின்ற ஒரு படம்தான் அந்த அச்சத்துக்குக் காரணம். படங்கள் பின்னர் மீட்கப்பட்டன. வழக்கறிஞர் மீது 5,42,000 டாலரும் மனுதாரர் மீது 1,80,000 டாலரும் சுமத்தப்பட்டன. 2013-இல் அந்த மாநில உச்ச நீதிமன்றம் வரை போன இவ்வழக்கின் விளைவாக அந்த வழக்கறிஞர் ஐந்தாண்டுகளுக்குத் தொழில் செய்ய முடியாமல் இடைநீக்கம் செய்யப்பட்டார். அந்தப் படத்தால் இவ்வளவு சேதம் வந்திருக்காது என்றே நினைக்கிறேன். அதை மறைத்ததுதான் சேதத்தைக் கொண்டுவந்தது. அதே 2013-இல் நியூஜெர்சியில், விமான நிலைய ஊழியர் ஒருவர் கணக்கை முடக்கப்போய்த் தரவு முழுவதும் அழிந்துபோனது. அதில் இருந்தவை அவருக்குப் பாதகமானவை என்று ஜூரிகள் அனுமானிக்கலாம் என்று நீதிமன்றம் உத்தரவிட்டது. தற்காலிக முடக்கம்தானே என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

அந்த அனுமானத்துக்கு நம் சட்டத்திலும் இடமிருக்கிறது. சமர்ப்பிக்கக்கூடிய ஆதாரத்தை ஒருவர் சமர்ப்பிக்காமல் வைத்துக்கொண்டால், அது அவருக்கு எதிரானதாகவே இருந்திருக்கும் என்று நீதிமன்றம் கருதலாம் என்பதைச் சாட்சிய அதிநியத்தின் 119-ஆவது பிரிவு எடுத்துக்காட்டாகவே தருகிறது. நீதிமன்றத்தில் சமர்ப்பிக்கும்படி சட்டப்படி கட்டாயப்படுத்தக்கூடிய மின்னணு ஆவணத்தை, ஆதாரமாகக் காட்டவிடாமல் தடுக்கும் நோக்கத்தோடு அழிப்பது, புதிய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 241-ஆவது பிரிவில் மூன்றாண்டு வரை சிறைக்குரிய குற்றம். காயமடைந்து நியாயம் கேட்டு வந்தவர் இந்தப் பிரிவுக்கு அருகில்கூடப் போகக் கூடாது.

மறைவிலையும் இங்கேதான் அதிகம். வாலிபால் படமும் காவடிக் காணொளியும், இணையத்தில் தொழில் செய்பவர் என்றால் பழைய ஆர்டர்களும் சேர்ந்தே போய்விடும். அழித்த பிறகு உங்களிடம் மிஞ்சுவது எதிர்த்தரப்பு தேர்ந்தெடுத்து வைத்திருக்கும் படங்கள் மட்டுமே.

உங்கள் பெயரில் வேறு யாரோ போலிக் கணக்கு நடத்தினாலோ, கணக்கு களவாடப்பட்டு அதில் தகாதவை வெளியானாலோ நீக்கச் சொல்லிப் புகார் செய்ய வேண்டியதுதான். அப்போதும் முதலில் பிரதி எடுத்து, வழக்கறிஞருக்கு எழுத்தில் தெரிவித்துவிட்டே செய்ய வேண்டும்.

பிழைப்பே இணையத்தில் இருந்தால்

வீட்டில் கேக் செய்து இன்ஸ்டாகிராமில் விற்பவர், வாட்ஸ்அப்பில் ஜவுளிப் படம் அனுப்பி ஆர்டர் எடுப்பவர், யூடியூபில் சமையல் சேனல் நடத்துபவர் ஆகியோருக்கு மூன்றாவது வழி பொருந்தாது. மௌனம் அவர்களுக்குப் பட்டினி. அவர்கள் முதல் வழியையும் மூன்றாவதையும் கலந்துதான் போக வேண்டும்: தனிப்பட்ட கணக்கில் மௌனம், தொழில் கணக்கில் பொருள் மட்டும்.

இவர்களுக்குத் தொழில் கணக்கு நல்ல ஆதாரமும்கூட. சம்பளச் சீட்டோ வருமான வரிக் கணக்கோ இல்லாதவர்களின் வருமானத்தைத் தீர்ப்பாயங்கள் பெரும்பாலும் மதிப்பீடாகவே வைக்கின்றன. அந்த மதிப்பீடு உண்மை வருமானத்தைவிடக் குறைவாக அமைந்துவிடக்கூடும். விபத்துக்கு முந்தைய மாதங்களின் ஆர்டர் செய்திகளும், அவற்றோடு பொருந்தும் யுபிஐ வரவுகளும், விபத்துக்குப் பிறகு அவை சரிந்ததும் வரிசையாகக் காட்டப்பட்டால் வருமானத்தையும் இழப்பையும் ஒருசேர நிரூபிக்கலாம். ஆனால் ஒன்றை மறைக்கக் கூடாது. முன்பு தானே செய்த வேலையை இப்போது தங்கை செய்கிறாள் என்றால், அவளுக்குக் கொடுக்கும் கூலியோடு அதை மனுவில் சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால், “இன்றைய ஆர்டர்” என்று போட்ட ஒவ்வொரு கேக் படமும் ‘மனுதாரர் முன்போலவே உழைக்கிறார்’ என்பதற்குச் சாட்சியாகிவிடும்.

சிகிச்சைக்காக நிதி திரட்டும் குடும்பங்களுக்கும் இதே கலவை வழிதான். விபத்து எப்படி நடந்தது, யார்மீது தவறு என்பதை விவரிக்காமல், சிகிச்சையையும் தேவையான தொகையையும் மட்டும் சொல்வதோடு, வந்த தொகைக்குக் கணக்கும் வைத்துக்கொள்ள வேண்டும். நன்றி சொல்லும்போது “பூரண குணமாகிவிட்டார்” என்று எழுதிவிடக் கூடாது. மருத்துவர் அப்படிச் சொல்லும்வரை அது உண்மையும் அல்ல.

எந்த நாளிலிருந்து, எந்த நாள்வரை

மனுத் தாக்கல் செய்த நாளிலிருந்து கவனமாக இருந்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019-ஆம் ஆண்டுத் திருத்தம் 2022 ஏப்ரல் 1-இல் நடைமுறைக்கு வந்த பிறகு, விபத்து நடந்த 6 மாதத்துக்குள் மனுப் போட வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. அந்த ஆறு மாதங்கள்தான் சிகிச்சையின் உச்சகட்டம்; அப்போது போட்ட பதிவுகளே காயத்தின் தன்மையைப் பற்றி அதிகம் பேசும். எனவே கவனம் விபத்து நடந்த நாளிலேயே தொடங்க வேண்டும். அடிபட்டவர் மயக்கத்திலோ வலியிலோ இருக்கையில், அந்தப் பொறுப்பை வீட்டில் விவரம் தெரிந்த ஒருவர் எடுத்துக்கொள்ள வேண்டும்.

தீர்ப்பு வந்த அன்று மாலையே பழையபடி திரும்பிவிடுவதும் சரியல்ல. தீர்ப்பாயத்தின் முடிவை எதிர்த்து உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்ய அதே சட்டத்தின் 173-ஆவது பிரிவு 90 நாள்கள் தருகிறது. தகுந்த காரணம் இருந்தால் அதற்குப் பிறகும் நீதிமன்றம் ஏற்கலாம். மேல்முறையீட்டில் கூடுதல் சாட்சியத்தை ஏற்பது அரிது என்றாலும் சட்டத்தில் அதற்கு வழி இருக்கிறது. ஆகவே 90 நாள்கள் கழிந்து, மேல்முறையீடு இல்லை என்பதை வழக்கறிஞர் சரிபார்த்துச் சொல்லி, தொகையும் வங்கிக் கணக்குக்கு வந்து சேர்ந்த பிறகு கணக்கைத் திறந்துகொள்ளலாம்.